பதினோரு முறை கரையிறங்கிய லெட்சுமணன்

"மனிதனுக்கு முதல் செல்வம் வம்சம். வம்சம் அறியாதவன் வேரறுந்த மரம். அவனை அவன் வேரோடு சேர்த்துவைப்பதே நல்லாட்சியின் தலையாய தர்மம்."

ஜொகூர் சீமையில் பத்து பாகாட் என்ற பட்டணத்தில், ஆற்றங்கரைச் சாலையின் கோடியில் இருந்த வம்சாவளி மற்றும் பூர்வீக ஊர் நிர்ணய இலாகாவின் வாசலில் இந்த வாசகம் ஓர் ஆள் உயரப் பலகையில் நீலச் சாயத்தால் எழுதப்பட்டிருந்தது. அதன் கீழே இன்னொரு சின்னப் பலகை: "செவ்வாய், வியாழன் மட்டும். பத்து மணி முதல் பதினொன்றரை வரை. வராந்தாவில் படுக்கக் கூடாது."

ஐயாசாமிக்கு எழுத்துத் தெரியாது. அவன் வராந்தாவில் படுத்திருந்தான்.

சிம்பாங் ரெங்கத்திலிருந்து நாலு மைல் உள்ளே தள்ளியிருந்த தோட்டம் அவனுடையது. அவனுடையது என்றால் அவன் பிறந்து, பால்மரம் வெட்டி, கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்ற இடம். மற்றபடி அது துரையுடையது. திங்கட்கிழமை சாயங்காலமே அன்னாசி லோரியின் பின்னால் முள்ளோடு முள்ளாக உட்கார்ந்து வந்து சேர்ந்துவிட்டான். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம். ரப்பர் விலை படுத்த படுக்கையாகிவிட்டது. தோட்டத்தில் பாதி மரத்துக்கு வெட்டு நிறுத்தியிருந்தார்கள். பாதி மரம் சும்மா நின்றால் பாதி ஆளும் சும்மா நிற்பான், சும்மா நிற்கிறவன் அவனவன் சொந்த ஊரில் போய் நிற்கட்டும் என்று அரசாங்கம் பெரிய மனது பண்ணிக் கப்பலுக்கு ஏற்பாடு செய்திருந்தது.

கப்பலேறுவோர் பட்டியல் வந்தது. தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி, காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் எல்லாரையும் வரிசையாக நிறுத்திவைத்து வாசித்தார். "கிருஷ்ணம்மா. கைக்குழந்தை ஒன்று." ஐயாசாமி அடுத்து வரப்போகிற தன் பேருக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். கிராணி பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

கிருஷ்ணம்மா அவன் பெண்டாட்டி. கைக்குழந்தை அவன் மகள் சந்திரமதி, ஏழு மாதம். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பத்து பாகாட்டிலிருந்து லோரி புறப்படும்; சிங்கப்பூரில் கப்பல். சனிக்கிழமை அவர்கள் குடியிருந்த லயத்தைப் பூட்டிவிடுவார்கள். ஐயாசாமி எங்கே போய்ப் படுப்பான் என்பதைப் பற்றிப் பட்டியலில் ஒன்றும் இல்லை. கேட்டதற்கு, "பத்து பாகாட்டுல வம்ச ஆபீஸ் இருக்கு, அங்க போய்க் கேளு" என்று கிராணி கையைக் கழுவிக்கொண்டார்.

அதனால்தான் வராந்தா.

பத்து மணிக்குக் கதவு திறந்தது. உள்ளே பெரிய கிராணி மணியம் உட்கார்ந்திருந்தார். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு. பேசுவதற்கு முன்னால் ஒருமுறை செருமுவார். அந்தச் செருமலைக் கேட்டதும் பக்கத்து மேசையில் சின்னக் கிராணி கனகராஜ் பேனாவை மையில் தோய்ப்பார்.

"தகப்பன் பேர்?"

"இருளப்பனுங்க ஐயா."

"அது நீர் சொல்வது. எழுத்து என்ன சொல்கிறது?"

கனகராஜ் தோட்டத்து ஆட்களின் பேர்ப் புத்தகமான செக்ரோலின் நகலைப் புரட்டினார். "தகப்பன் கட்டத்துல ஒரு கோடு போட்டிருக்கு சார்."

"கோடு" என்றார் மணியம், துக்கம் விசாரிப்பவர் போல. "எழுத்தின்படி நீர் ஒரு கோட்டுக்குப் பிறந்திருக்கிறீர்."

ஐயாசாமி விவரம் சொன்னான். அவனுக்கு ஆறு வயதாகும்போது அப்பன் காய்ச்சலில் செத்துப்போனார். பதினோரு வயதில் புல்லு வெட்டப் பேர் கொடுக்கப் போனான். அன்றைக்கு இருந்த கிராணி 'அப்பன் எங்கடா' என்றார். 'செத்துட்டாருங்க' என்றான். கிராணி கோடு போட்டார்.

"தகப்பன் இல்லாதவனுக்குப் பூர்வீக ஊர் இல்லை. பூர்வீக ஊர் இல்லாதவனைப் பூர்வீக ஊருக்கு அனுப்ப முடியாது. இதில் உமக்கு எந்த இடத்தில் விளங்கவில்லை?"

"விளங்குதுங்க. அப்ப என் பெண்டாட்டி பேரையும் அடிச்சிருங்க. எங்கியாச்சும் ஒண்ணாக் கெடந்து சாவுறோம்."

"பட்டியல் ஜொகூர் பாருவுக்குப் போய் முத்திரை வாங்கி வந்துவிட்டது. ஏறின பேர் இறங்காது. இந்த இலாகாவுக்குப் பேரை ஏற்றத்தான் அதிகாரம். இறக்குவதற்கு வேறு இலாகா. அது இன்னும் திறக்கப்படவில்லை."

பிறகு மணியம் எழுந்து நின்றார். அவருக்குப் பின்னால் சுவரில், துரையின் படம் மாட்ட வேண்டிய ஆணியில், கண்ணாடிச் சட்டம் போட்ட பெரிய மரம் ஒன்று தொங்கியது. கிளைக்குக் கிளை பேர்.

"இதோ பாரும். என் வம்சம். பதினாலு தலைமுறை. அடியில் இருப்பவர் ஒரு ராஜாவிடம் மந்திரியாக இருந்தவர். இப்படி ஒன்றைத் தேடி எடுக்க எவ்வளவு சிரமம் தெரியுமா? நடுவில் ஒன்பதாவது தலைமுறையைக் கரையான் தின்றுவிட்டது. நான் விட்டேனா? அந்த இடத்துக்குப் பொருத்தமான ஒருவரை நானே நியமித்தேன். முயற்சி வேண்டும் ஐயாசாமி. உங்கள் ஆட்களிடம் அதுதான் இல்லை."

முயற்சிக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். முப்பத்திரண்டு கட்டம். கனகராஜ் வாசித்துக் காட்டினார். பாட்டன் பேர், பூட்டன் பேர், குலதெய்வம், குலதெய்வத்தின் முகவரி. பத்தொன்பதாவது கட்டம்: 'வம்சத்தில் எவரேனும் காணாமல் போனதுண்டா? உண்டெனில் அவர் தற்சமயம் எங்கே இருக்கிறார்?'

"ஆத்தா பேருக்குக் கட்டம் இல்லீங்களா? அது எனக்கு நல்லாத் தெரியும்."

"அதெல்லாம் வம்சத்துல வராதுப்பா" என்றார் கனகராஜ், கொஞ்சம் இரக்கத்தோடு. "கட்டம் நெரப்ப முடியலன்னா சாட்சி கொண்டா. நீ பொறந்ததைக் கண்ணால பாத்த ஆளு. வியாழக்கிழமை."

கண்ணால் பார்த்த ஆள் ஒருத்திதான் மிச்சம். ராக்காயி. அந்தத் தோட்டத்தில் பாதிப் பேருக்குத் தொப்புள்கொடி அறுத்தவள். பட்டியலில் அவளும் இருந்தாள். ஊருக்குப் போவதற்கு முன்னால் பத்து பாகாட்டையும் பார்த்துவிடலாம் என்று லோரியில் ஏறிக்கொண்டாள்.

வியாழக்கிழமை அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்று உரக்கச் சொன்னாள். "இந்தக் கையாலதான்யா எடுத்தேன். கால் முன்னால வந்துச்சு. அப்பவே தெரியும், இவன் அலைஞ்சுதான் சாவான்னு."

மணியம் செருமினார். "பெண்பிள்ளை சாட்சி செல்லாது. பிரசவத்தில் பெண்கள் ஒரு கட்சி. கட்சிக்காரர் சாட்சியை எந்த இலாகாவும் ஏற்காது. ஆண் யாராவது பார்த்தார்களா?"

"பிள்ளை பொறக்கிற எடத்துல ஆம்பள எவன்யா உள்ள வருவான்?"

"அது வருந்தத்தக்க நிலைதான். இலாகா அதைக் கவனத்தில் எடுத்துக்கொள்ளும்."

ராக்காயி அவரை மேலும் கீழும் பார்த்தாள். அப்புறம் ஐயாசாமியிடம் திரும்பினாள். "வாடா போவோம். உங்கப்பன் கழுத்துல தகரம் மாட்டி மாடு மாதிரி எறக்கினாங்களே, அந்த நம்பரை எழுதி வச்சுக்கிட்டவனுக்கு ஆளை எழுதி வைக்கத் தெரியல."

"தகரமா?" என்று கனகராஜ் பேனாவைக் கீழே வைத்தார். "சார், நம்பர்த் தகரம் இருந்தா கட்டமே வேணாம். நாகப்பட்டினம் கேம்ப் ரெஜிஸ்தர்ல நேராப் பாத்திரலாம்."

ஐயாசாமி முழித்தான். அப்பன் செத்து பதினேழு வருஷம். அவர் விட்டுப்போன சாமான் ஒரு மண்வெட்டியும் ஒரு கம்பளியும். இரண்டும் எப்போதோ போய்விட்டன.

"முழிக்கிறான் பாரு" என்றாள் ராக்காயி. "அடேய், உன் இடுப்புல என்ன தொங்குது? கப்பல் தாண்டி வந்த தகரம், பேய் அண்டாதுன்னு உங்காத்தாதான் சுருட்டித் தாயத்தா கட்டினா. தின்னூறு அள்ளிப் போட்டது நான்."

வேட்டி அவிழாமல் அரைஞாணை அவிழ்ப்பது ஒரு கலை. அவசரத்தில் அது ஐயாசாமிக்குக் கைகூடவில்லை. கனகராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மணியம் தம் பதினாலு தலைமுறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்து மூன்று வருஷமாக வியர்வையில் ஊறிய தாயத்தைக் காகிதம் அமுக்குகிற இரும்பால் தட்டித் தட்டிப் பிரித்தார்கள். கொஞ்சம் சாம்பல் கொட்டியது. தகரம் விரிந்தது. துருவுக்கு நடுவே, ஆணியால் குத்தின புள்ளிகள்: நாலு, ஒன்று, ஏழு.

சுவர்க் கடிகாரம் பதினொன்றரை அடித்தது.

"செவ்வாய்க்கிழமை வாரும்" என்றார் மணியம்.

செவ்வாய்க்கிழமை, கப்பலுக்கு லோரி ஏற மூன்று நாள் இருக்கும்போது, ஐயாசாமியின் தகப்பன் கிடைத்தார். கனகராஜ் உள்ளறையிலிருந்து ஒரு பெரிய புத்தகத்தைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கிவந்தார்.

"நானூத்திப் பதினேழு. லெட்சுமணன். தகப்பன் வீரன். வயசு இருபத்தஞ்சு. ஊரு வடக்குச் செம்மாந்தூர். வந்த வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஒன்பது. கூட சம்சாரம், கர்ப்பிணி. இந்தக் கர்ப்பத்துல இருக்கிறது நீதாம்ப்பா."

"எங்கப்பன் பேரு இருளப்பனுங்க."

"தகரம் உம்முடையதா, இல்லையா?" என்றார் மணியம்.

"என்னுதுதாங்க."

"அப்படியானால் தகப்பனும் உம்முடையவர்தான்."

ஐயாசாமி ஒரு நிமிஷம் யோசித்தான். இருளப்பன் நல்ல மனுஷன். ஒருநாளும் கை நீட்டி அடித்ததில்லை. ஆனால் அவரை வைத்துக்கொண்டு கப்பல் ஏற முடியாது. "சரிங்க, லெட்சுமணன்" என்றான்.

அதோடு முடிந்திருக்கும். கனகராஜுக்குச் சுறுசுறுப்பு அதிகம். ஊர்ப் பேர் எங்கேயோ பார்த்ததுபோல் இருக்கிறதே என்று பின்னால் ஏழெட்டுப் பக்கம் புரட்டினார், முன்னால் பத்துப் பக்கம் புரட்டினார்.

"சார், இவர் மறுபடியும் வந்திருக்கார். அதே லெட்சுமணன், அதே வீரன், அதே ஊர். தொள்ளாயிரத்து எட்டுல ஒரு தடவை. ஒன்பதுல மூணு தடவை. பத்துல ரெண்டு. பதினொண்ணுல நாலு. பன்னெண்டுல ஒண்ணு. ஆக மொத்தம் பதினோரு தடவை எறங்கியிருக்கார்."

"திரும்பிப் போனது?"

"ஒரு தடவைகூட இல்ல சார்."

மணியம் நாற்காலியில் சாய்ந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "பார்த்தீரா ஐயாசாமி. போகாமலே பதினோரு முறை வந்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் வயது இருபத்தைந்து. உடம்பை எப்படிப் பேணியிருக்கிறார். இப்படிப்பட்ட மகா உழைப்பாளியைக் கோடு என்று எழுதிவிட்டார்களே. இந்த இலாகா எதற்கு இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில்."

"பன்னெண்டாம் வருஷம் வந்தப்ப கையில ஒரு பெண் குழந்தை சார்" என்று கனகராஜ் வாசித்துக்கொண்டே போனார். "பேரு கிருஷ்ணம்மா." அவர் விரல் அங்கேயே நின்றது. மேசைமேல் கிடந்த கப்பல் பட்டியலை மெதுவாக இழுத்துப் பார்த்தார். "சார், பட்டியல்ல ஏறியிருக்கிற கிருஷ்ணம்மா இதுதான்."

மணியம் எழுந்து வந்து இரண்டு எழுத்தையும் ஒத்துப் பார்த்தார்.

"கனகராஜ்" என்றார் மணியம், "கதவைச் சாத்தும்."

லயத்துக்கு ஐயாசாமி வந்து சேர்ந்தபோது கிருஷ்ணம்மா அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னய்யா, அப்பன் கெடைச்சாரா?"

"கெடைச்சாரு."

"நல்லவரா?"

"உனக்கும் அவருதான்."

அவன் சொல்லச் சொல்ல அவள் முதலில் சிரித்தாள். குழந்தை பயந்து அழும்வரை சிரித்தாள். பிறகு ஊதுகுழலைக் கீழே வைத்தாள். "எங்கப்பன் சடையன். அவரைப் பொதைச்ச எடத்தை நான் காட்டுறேன், வந்து தோண்டிப் பாக்கச் சொல்லு."

"தோண்டுறதுக்கு வேற இலாகாவாம்" என்றான் ஐயாசாமி. அது உண்மையாகவே மணியம் சொன்னதுதான்.

மறுநாள் இரண்டு பேரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு சிம்பாங் ரெங்கம் முச்சந்தியில் இருந்த ஆதம் நானாவின் மளிகைக் கடைக்குப் போனார்கள். நாகூர்ப் பக்கத்து மனிதர். அந்தக் காட்டில் தோட்டம் வருவதற்கு முன்பே கடை வைத்தவர். வந்திறங்கின ஆள் ஒவ்வொருவரும் முதல் கருவாடு வாங்கினது அவரிடம்தான். காய்ந்த மிளகாயை நிறுத்துக்கொண்டே அவர்கள் சொன்னதைக் கேட்டார். லெட்சுமணன் என்றதும் தராசு ஆடியது.

"அலமாக், அந்தப் பேரு இன்னும் உசிரோட இருக்கா?" என்றார். "அதெல்லாம் ஊர்லேருந்து ஆள் புடிச்சாந்த உங்க பழைய கங்காணி பண்ணுன வேலை லா. நாகப்பட்டினம் கேம்ப்புல பேரு, அப்பன் பேரு, ஊருன்னு நூறு கேள்வி கேப்பாங்க. ஒருத்தன் முழிச்சா வரிசையே நிக்கும். மொத தடவை லெட்சுமணன்னு ஒருத்தன், எல்லாத்துக்கும் டக்கு டக்குன்னு பதில் சொன்னான், பாஸாயிட்டான். கங்காணி பாத்தான். பாஸான பேரை விடுவானா? அடுத்த தடவையிலேருந்து திக்குறவன், பயந்தவன், வீட்டுக்குத் தெரியாம ஓடியாந்தவன் எல்லாருக்கும் அந்தப் பாடத்தையே சொல்லிக் குடுத்துட்டான். உங்கப்பன் இருளப்பன் திக்குவாரு. உங்கப்பன் சடையன் மாமியாகிட்ட சண்டை போட்டுட்டு ஓடியாந்தவரு. ரெண்டு பேரும் லெட்சுமணனாத்தான் எறங்குனாங்க."

"அந்த நெசமான லெட்சுமணன் எங்க நானா?" என்றாள் கிருஷ்ணம்மா.

"அவன் எங்க வந்தான்? பாஸான அன்னிக்கே கேம்ப்பு வேலியைத் தாண்டி ஊருக்கு ஓடிட்டான். கடல் தண்ணியில காலு வச்சிருக்க மாட்டான்."

பதினோரு முறை கரையிறங்கியவர் ஒருமுறைகூடக் கப்பல் ஏறவில்லை. ஐயாசாமிக்கு முதல்முறையாக உயிர் வந்தது. "நானா, நீங்க எழுத்துத் தெரிஞ்சவங்க. ஆம்பள. நாளைக்கு வந்து இதை ஒரு வார்த்தை சொல்லிருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

வியாழக்கிழமை ஆதம் நானா கடையைச் சாத்திவிட்டு ஆபீசுக்கு வந்தார். இருபத்தைந்து வருஷத்தில் பெருநாள் தவிர அவர் கடை சாத்தினது அது ஒருநாள்தான். தொப்பியைச் சரிசெய்துகொண்டு பெரிய கிராணிக்கு முன்னால் நின்று, கங்காணி கதையை ஆதியோடந்தமாகச் சொன்னார். மணியம் குறுக்கிடாமல் கேட்டார். கடைசியில் செருமினார்.

"ராவுத்தரே, நீர் பெரியவர். ஒன்று கேட்கிறேன், யோசித்துச் சொல்லும். நீர் சொல்வது உண்மையானால் ரெஜிஸ்தர் பொய். ரெஜிஸ்தர் பொய்யானால் அதை வைத்துப் போட்ட பட்டியல் பொய். லெட்சுமணனுக்குப் பிறந்தவர்கள் என்று அந்தப் பட்டியலில் நாற்பத்தொரு பேர் ஏறியிருக்கிறார்கள். அத்தனை பேரும் இந்த நிமிஷமே தகப்பன் இல்லாதவர்கள் ஆவார்கள். தகப்பன் இல்லாதவர்களைக் கப்பலேற்ற முடியாது. ஏறின பேரை இறக்கவும் முடியாது. சனிக்கிழமை லயம் பூட்டுவார்கள். நாற்பத்தொரு பேரும் பட்டியலிலேயே குடியிருக்க வேண்டியதுதான். சொல்லும், எழுதிக்கொள்ளவா?"

கனகராஜ் பேனாவை மையில் தோய்த்துவிட்டார்.

ஆதம் நானா ஐயாசாமியைப் பார்த்தார். வராந்தாவில் நாற்பத்தொரு பேரில் முப்பது பேராவது மூட்டை முடிச்சோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். லோரி மறுநாள் இங்கிருந்துதானே. ராக்காயி யாருக்கோ பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் எழுத்தின்படி லெட்சுமணன் மகள். தகப்பனைவிட இருபது வயது மூத்தவள்.

"வேணாம் நானா" என்றான் ஐயாசாமி. "நீங்க ஒண்ணும் சொல்லல. நான் ஒண்ணும் கேக்கல."

"அல்லா, நான் கருவாடு விக்கிறவன்" என்றார் ஆதம் நானா. "எனக்கு என்ன தெரியும்?" போய் வராந்தாவில் உட்கார்ந்துகொண்டார்.

மணியம் கனிந்துவிட்டார். "உமக்கு அதிர்ஷ்டம் இருக்கிறது. கோயிலில் மஞ்சள் கயிறு கட்டினீர்கள் என்றீர். அதற்குப் பதிவு இல்லை. நடக்காத விவாகத்தை ரத்துச் செய்ய வேண்டிய சிரமம் இல்லை. ஐயாசாமி, லெட்சுமணன் மகன். கிருஷ்ணம்மா, லெட்சுமணன் மகள். அண்ணன், தங்கை. ஒரே குடும்பம், ஒரே சீட்டு. பெருவிரலை வையும்."

ஐயாசாமி பெருவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றான். "புள்ளைங்க ஐயா?"

"அதுதான் நானும் யோசித்தேன். தகப்பன் கட்டத்தைக் காலியாக விட முடியாது. கோடும் போடக் கூடாது. கோட்டால் வந்த வினையைப் பார்த்தீர் அல்லவா. லெட்சுமணன் இறந்ததாகப் பதிவு எதுவும் இல்லை. ஆகவே அவர் இருக்கிறார். சந்திரமதி, லெட்சுமணன் மகள். உமது கடைசித் தங்கை. வாழ்த்துகள்."

ஐயாசாமி பெருவிரலை வைத்தான். மை காய்வதற்குள் பதினொன்றரை அடித்தது.

வெள்ளிக்கிழமை காலை ஆபீசுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் எல்லாரும் காத்திருந்தார்கள். லோரிக்காரன் டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாருக்கும் சீட்டு வந்துவிட்டது. ஐயாசாமி குடும்பத்துச் சீட்டு மட்டும் வரவில்லை. முந்தின நாளிலிருந்து கிருஷ்ணம்மா அவனை 'அண்ணே' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். "அண்ணே, தண்ணி மோந்தா." "அண்ணே, உன் தங்கச்சி ஈரம் பண்ணிட்டா." வேறு யாரும் சிரிக்கவில்லை; லெட்சுமணன் பிள்ளைகளான அவர்களும் ஒருத்தருக்கொருத்தர் என்ன முறை ஆகிறார்கள் என்று இன்னும் கணக்குப் பார்த்து முடியவில்லை.

மணி பத்தாகும்போது கனகராஜ் வந்தார். சலவை வேட்டி. நெற்றியில் சந்தனம். கையில் ஒரு பித்தளைத் தட்டு. அதில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள் கிழங்கு, இரண்டு பிசாங் மாஸ் வாழைப்பழம். வெற்றிலைக்கு அடியில் ஐயாசாமியின் சீட்டு தெரிந்தது.

"கொஞ்சம் தள்ளி வாங்க மச்சான்" என்றார்.

வியாழக்கிழமை வரைக்கும் ஐயாசாமி அவருக்கு 'நீ'. அவன் திரும்பிப் பார்த்தான், வேறு யாரையோ கூப்பிடுகிறாரோ என்று.

"எனக்கு முப்பத்தினாலு வயசாகுது மச்சான். ஏழு வருஷமா பொண்ணு தேடுறேன். இந்தச் சீமையில நம்மாளுங்க பொண்ணே கொறைச்சல். இருக்கிற எடத்துலயும் குலம் என்ன, பூர்வீகம் என்னன்னு கேட்டா ஒருத்தன் ஒழுங்காச் சொல்ல மாட்டேங்கிறான். வாய்க்கு வந்ததைச் சொல்றான். உங்க குடும்பம் ஒண்ணுதான், எல்லாம் எழுத்துல இருக்கு. நான் கைப்பட எழுதினது. நேத்து வீட்டுக்குப் போயும் அதே நெனப்பு."

"சார்" என்றான் ஐயாசாமி, "அவ என் பெண்டாட்டி சார். உங்க கண்ணு முன்னாலதானே எல்லாம்..."

கனகராஜ் பரிவோடு அவன் தோளைத் தொட்டார். "அதை மறந்துருங்க மச்சான். அது பதிவுல இல்ல."

கொட்டகை மூலையில் கிருஷ்ணம்மா குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு கிடந்தது. கனகராஜ் நாகரிகமாகப் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். "தங்கச்சியை என்னமாப் பாத்துக்கிறாங்க. பொறுப்பான பொண்ணு."

"சீட்டு..." என்றான் ஐயாசாமி.

"சீல் வைக்கணும். ஜோப்புலயே வச்சிருக்கேன். கட்டாயம் ஒண்ணும் இல்ல மச்சான், நான் அப்படிப்பட்ட ஆளும் இல்ல. ஆனா பாருங்க, பத்தரைக்கு ராகு காலம். நல்ல காரியம் அதுக்குள்ள முடியணும். அதை முடிச்சிட்டா நிம்மதியா சீல் வைப்பேன். கை நடுங்காம இருக்கும். அப்பா ஊர்ல இல்லாதப்போ மூத்த அண்ணன்தானே தாம்பூலம் மாத்தணும். தை மாசம் லீவு போட்டுக்கிட்டு நானே வடக்குச் செம்மாந்தூர் வர்றேன். மாமா லெட்சுமணனையும் பாத்த மாதிரி இருக்கும்."

லோரிக்காரன் எஞ்சினை முடுக்கினான். புகை கொட்டகைக்குள் வந்தது. ராக்காயியும் மற்றவர்களும் ஏறத் தொடங்கிவிட்டார்கள். ஐயாசாமி கனகராஜின் முகத்தை உற்றுப் பார்த்தான், எங்கேயாவது ஒரு ஓரத்தில் கேலி இருக்காதா என்று. இல்லை. இப்படி ஒரு யோக்கியமான முகத்தை அந்த ஆபீசில் அவன் அதுவரை பார்த்ததில்லை.

"அண்ணே" என்று மூலையிலிருந்து கிருஷ்ணம்மா கூப்பிட்டாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது; வாய்த்துடுக்கு மட்டும் குறையவில்லை. "நல்லா விசாரிச்சியாண்ணே? மாப்பிள்ளைக்குக் குடி கிடி உண்டான்னு கேட்டியா?"

"சத்தியமா கெடையாதுங்க" என்றார் கனகராஜ், தரையைப் பார்த்தபடி.

மணி பத்து இருபத்தைந்து. ஐயாசாமி இரண்டு கையையும் நீட்டித் தட்டை வாங்கிக்கொண்டான். கனகராஜ் கிழக்கே பார்த்து ஒரு கும்பிடு போட்டு, சட்டைப்பையிலிருந்து சீலை எடுத்து, ஊதி, சீட்டின்மேல் அழுத்தினார். பிறகு பேனாவை எடுத்து, கிருஷ்ணம்மா பேருக்கு நேராக, 'நிச்சயமானவர்' என்று ஒரு வார்த்தை சேர்த்தார். எதுவும் எழுத்தில் இருக்க வேண்டும் அல்லவா.

லோரி புறப்பட்டது. கனகராஜ் வளைவுவரை கையசைத்துக்கொண்டே நின்றார். கிருஷ்ணம்மா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, அவன் பக்கம் திரும்பாமல், குழந்தையைத் தட்டிக்கொடுத்தபடி வந்தாள். ஐயாசாமி தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து அவர்கள் இரண்டு பேரும் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

அவளுக்கு ஒரு பழம் கொடுக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியபோது தட்டில் தோல்தான் இருந்தது.